பாலித் தீவின் நியெப்பி: ஓசை அடங்கும் புத்தாண்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தோனேசியாவின் பாலித் தீவில் வாழும் இந்துக்கள் தங்கள் ஆண்டுப் பிறப்பைப் பட்டாசும் பலகாரமுமாகக் கொண்டாடுவதில்லை. அன்று விளக்கு ஏற்றுவதில்லை, வேலைக்குப் போவதில்லை, தெருவில் கால் வைப்பதில்லை. விமான நிலையமே மூடிக் கிடக்கும். இதற்குப் பெயர் நியெப்பி. பாலிக்குப் போகத் திட்டமிடுகிறவர்களும், 'இப்படியும் ஒரு புத்தாண்டா' என்று வியப்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறேன்.

நியெப்பி எப்போது வருகிறது?

பெரும்பாலும் மார்ச் மாதத்தில். பாலியின் சக நாட்காட்டியில் ஒன்பதாம் மாத அமாவாசைக்கு மறுநாள்தான் நியெப்பி. 2024இல் மார்ச் 11, 2025இல் மார்ச் 29, 2026இல் மார்ச் 19. அன்று காலை 6 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 6 மணிக்கு முடியும். முழுசாக 24 மணி நேரம்.

ஒன்பதாம் மாதம் முடிந்து பத்தாம் மாதம் பிறக்கும்போது ஆண்டு எண் மாறுவது நமக்கு விசித்திரமாகத் தோன்றலாம். அவர்கள் மாதங்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களையே பெயராக வைத்திருக்கிறார்கள். பத்துக்கு அப்புறம் வரும் கடைசி இரண்டு மாதங்களுக்கு மட்டும் ஜேஷ்ட, ஆஷாட என்ற வடமொழிப் பெயர்கள். எண்ணிக்கை எங்கே தொடங்கினாலும், ஆண்டு மாறுவது என்னவோ நம் பங்குனியை ஒட்டித்தான்.

சக ஆண்டு என்றால் நம் ஊர்ப் பஞ்சாங்கத்தில் வருகிற அதே சகாப்தமா?

அதேதான். கி.பி. 78ஐத் தொடக்கமாகக் கொண்ட சாலிவாகன சகாப்தம். நியெப்பி வந்தபின், நடப்பு ஆண்டிலிருந்து 78ஐக் கழித்தால் சக ஆண்டு கிடைக்கும். 2026 மார்ச்சில் பிறந்தது சக 1948. இந்திய அரசு 1957இல் தேசிய நாட்காட்டியாக ஏற்றுக்கொண்டதும் இந்தச் சக ஆண்டைத்தான். தமிழ்ப் பஞ்சாங்கத்தின் முதல் பக்கங்களிலும் இந்த எண் இருக்கும். நாம் அதைப் புரட்டிவிட்டுப் போய்விடுகிறோம், பாலிக்காரர்கள் அதை வைத்து ஒரு தீவையே நிறுத்துகிறார்கள்.

அப்படியானால் இது உகாதிதானே?

சில ஆண்டுகளில் இரண்டும் ஒரே நாளில் வரும். 2023 மார்ச் 22, 2026 மார்ச் 19 அப்படிப்பட்ட நாட்கள். ஆனால் அமாவாசையைக் கணக்கிடும் முறையும் சில ஆண்டுகளில் கூடுதலாக ஒரு மாதம் சேர்க்கும் முறையும் வேறு என்பதால் எப்போதும் பொருந்தாது. 2025இல் உகாதி ஒரு நாள் தள்ளிப் போனது. 2024இல் நியெப்பி மார்ச் 11இல் வந்துவிட்டது, உகாதி ஏப்ரல் 9க்குத்தான் வந்தது. தமிழ்ப் புத்தாண்டு சூரியக் கணக்கு என்பதால் அதற்கும் இதற்கும் தேதித் தொடர்பு கிடையாது.

2020 மார்ச் 25ஐ மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அன்று நியெப்பி, உகாதி இரண்டும் வந்தன. இந்தியா முழுவதும் கொரோனா ஊரடங்கு தொடங்கியதும் அதே நாள். பாலியில் நியெப்பி முடிந்த மறுநாளும் வீட்டிலேயே இருக்கும்படி மாநில ஆளுநர் கேட்டுக்கொண்டார்.

அன்று என்னென்ன கூடாது?

நான்கு விலக்குகள். சதுர் பிரதா, அதாவது நான்கு விரதங்கள் என்பார்கள்.

அமாதி கெனி: நெருப்பு கூடாது. அடுப்பு, விளக்கு, மின்விளக்கு எல்லாம் இதில் அடங்கும். மனத்தில் எரியும் கோபமும் ஆசையும்கூட நெருப்புதான் என்று பூசாரிகள் விளக்குவார்கள்.
அமாதி கார்யா: வேலை கூடாது.
அமாதி லெலுங்கான்: வெளியே போகக் கூடாது.
அமாதி லெலாங்குவான்: கேளிக்கை கூடாது.

நடைமுறையில் வீட்டுக்கு வீடு கண்டிப்பு மாறும். சிலர் 24 மணி நேரமும் உண்ணாமல் இருப்பார்கள். பலர் முந்தின நாளே சமைத்து வைத்ததை எடுத்துச் சாப்பிடுவார்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் வெளியே தெரியாதபடி ஒரு சின்ன விளக்கு எரியலாம். தெருவுக்கு வெளிச்சமும் சத்தமும் போகக் கூடாது. அதில்தான் ஊர் விட்டுக்கொடுக்காது.

பேசவே கூடாதா?

பேசலாம். மெதுவாக. வாயே திறக்காமல் இருக்கும் மௌன விரதமும் உண்டு, ஆனால் அது விரும்புகிறவர்கள் எடுத்துக்கொள்வது. பயணக் கட்டுரைகளில் 'பாலி மக்கள் ஒருநாள் முழுவதும் பேசாமல் இருப்பார்கள்' என்று வருவதை அப்படியே நம்ப வேண்டாம்.

முந்தின நாள் இரவு ஒரே ஆட்டமும் கூச்சலுமாக இருக்கும் படங்களைப் பார்த்தேன். அமைதிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

சொல்லப்போனால், நியெப்பியைப் புரிந்துகொள்ள அந்த ஒரு நாளைப் பார்த்தால் போதாது. அதற்கு முன்னால் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

நியெப்பிக்குச் சில நாட்கள் முன்பு மெலாஸ்தி. ஒவ்வொரு ஊரும் தன் கோயிலில் இருக்கும் திருமேனிகளையும் புனிதப் பொருள்களையும் தலையில் சுமந்து, குடை பிடித்து, மேளத்தோடு கடற்கரைக்கு ஊர்வலமாகப் போகும். கடல் தொலைவில் இருக்கும் மலைப்பக்க ஊர்கள் ஏரிக்கோ சுனைக்கோ போகும். நம் ஊரில் மாசி மகத்துக்குச் சாமி கடலுக்குப் போவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகவே தெரியாது. வெள்ளை உடுத்திய ஆயிரக்கணக்கானவர்கள் மணலில் உட்கார்ந்திருப்பார்கள். கடலின் நடுவிலிருந்து அமுதம் எடுத்துவருவதாக நம்பிக்கை.

நியெப்பிக்கு முந்தின நாள், அதாவது அமாவாசையன்று, தாவூர் கெசாங்கா என்ற பலிச்சடங்கு. பூதகாலா எனப்படும் பூத சக்திகளுக்கு உணவு படைக்கும் நாள். பெசாகி பெருங்கோயிலில் தீவு முழுமைக்கும் ஒரு சடங்கு, அப்புறம் ஊர்களின் நாற்சந்திகளில், கடைசியாக ஒவ்வொரு வீட்டு வாசலிலும். கோழிகளைப் பலியிடுவதில் திசைக்கு ஒரு நிறம்: கிழக்குக்கு வெள்ளை, தெற்குக்குச் சிவப்பு, மேற்குக்கு மஞ்சள், வடக்குக்குக் கறுப்பு, நடுவுக்குப் பல நிறம் கலந்தது. ஜாவாவில் பிரம்பானான் கோயில் வளாகத்திலும் இந்தச் சடங்கு பெரிய அளவில் நடக்கிறது.

பொழுது சாய்ந்ததும் பெங்ருபுக்கான். வீட்டில் உள்ளவர்கள் தீப்பந்தம் எடுத்துக்கொண்டு, பாத்திரத்தையும் மூங்கிலையும் தட்டிக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் சுற்றி வருவார்கள். தெருவில் ஓகோ ஓகோ எனப்படும் பூதாகார பொம்மைகள் கிளம்பும். பிதுங்கிய கண், கோரைப்பல், தொங்கும் நாக்கு. மூங்கில் சட்டத்தில் ஏற்றி இளவட்டங்கள் தோளில் தூக்கி, சந்திப்புகளில் சுழற்றி ஆட்டுவார்கள். பின்னாலேயே சேகண்டியும் தாளமுமாக பலெகாஞ்சூர் மேளம். கடைசியில் பொம்மையை இடுகாட்டுப் பக்கம் கொண்டுபோய் எரிப்பது வழக்கம். கிழக்கே ஜாஸ்ரி என்ற ஊரில் எரியும் பந்தங்களை ஒருவர்மேல் ஒருவர் எறிந்துகொள்ளும் சண்டையும் உண்டு.

விடிந்தால் எல்லாம் நின்றுவிடும். கத்த வேண்டியதையெல்லாம் கத்தித் தீர்த்த ஊர்தான் அடங்குகிறது. அந்த இரவு இல்லாமல் பகலை மட்டும் எடுத்து 'தியான நாள்' என்று விற்பது எனக்கு ஒட்டவில்லை.

ஓகோ ஓகோ பழங்காலத்து வழக்கமா?

இல்லை, இது பலருக்கு ஆச்சரியம் தரும். தீப்பந்தமும் தட்டுமுட்டுச் சத்தமும் பழையவை. பொம்மை ஊர்வலம் இன்றைய வடிவில் பரவியது 1980களில். 1983இல் நியெப்பியை இந்தோனேசிய அரசு தேசிய விடுமுறையாக அறிவித்த பிறகு ஊருக்கு ஊர் போட்டி போட்டுக்கொண்டு செய்யத் தொடங்கினார்கள்.

இன்று இது முழுக்க இளைஞர்களின் வேலை. பாஞ்சார் என்பது ஊருக்குள் இருக்கும் வட்டார அமைப்பு. ஒவ்வொரு பாஞ்சாரிலும் ஓர் இளைஞர் மன்றம் இருக்கும். பல வாரங்கள் இரவில் கூடி, நன்கொடை வசூலித்து, செய்து முடிப்பார்கள். கும்பகர்ணன் வருவான், நிலவை விழுங்கும் ராகு வருவான், ரங்தா என்னும் சூனியக்காரி வருவாள். சில சமயம் ஊழல் அரசியல்வாதியும் வருவார். நடுவில் தெர்மாகோலில் செய்வது பெருகிப் போய், அது எரியும்போது வரும் நச்சுப் புகை பிரச்சினையானது. அதற்குத் தடை வந்தபின் இப்போது மூங்கில் பின்னலுக்கும் காகிதத்துக்கும் திரும்பியிருக்கிறார்கள். எனக்கு இந்தத் திருப்பம் பிடித்திருக்கிறது. மூங்கிலில் பின்னிய உடம்புக்கு வரும் வளைவு தெர்மாகோலில் வராது.

பேய்களை ஏமாற்றத்தான் எல்லோரும் ஒளிந்துகொள்கிறார்களாமே?

இந்தக் கதை எங்கும் சொல்லப்படுகிறது. இரவில் சத்தம் கேட்டுக் கிளம்பிய தீய சக்திகள் மறுநாள் தீவின் மேல் பறந்து பார்க்குமாம். விளக்கில்லை, ஆளில்லை, இது பாழ்தீவு என்று நினைத்துப் போய்விடுமாம். குழந்தைகளுக்குச் சொல்ல அருமையான கதை, பாலிக்காரர்களே சொல்வார்கள்.

ஆனால் சடங்குகளின் வரிசையைப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. முதலில் தூய்மை செய்கிறார்கள், பிறகு பூதங்களுக்கு வயிறார உணவு படைக்கிறார்கள், அப்புறம்தான் அனுப்பிவைக்கிறார்கள். பூதத்தை அழிப்பது நோக்கமில்லை. பசி தீர்த்து அதைச் சாந்தமாக்குவது, தன் இடத்துக்குத் திருப்பி அனுப்புவது என்றே பாலிப் பூசாரிகள் விளக்குகிறார்கள்.

யாரும் வெளியே வராமல் யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

பெச்சாலாங். காவல்துறை இல்லை; ஊர்க் கட்டுப்பாட்டின் கீழ் இயங்கும் காவலர்கள். இடுப்பில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணி, தலையில் உதெங் என்ற தலைப்பாகைக் கட்டு. அன்று தெருவில் நடக்க அனுமதி உள்ளவர்கள் கிட்டத்தட்ட இவர்கள் மட்டுமே. இரவில் ஒரு ஜன்னலில் வெளிச்சம் கசிந்தால் வந்து நின்று சொல்லிவிட்டுப் போவார்கள். மீறினால் என்ன தண்டனை என்பது அந்தந்த ஊரின் வழக்காற்றுச் சட்டத்தில் இருக்கும்.

தன்னை உள்நோக்கிப் பார்க்கும் நாள் என்கிறார்கள், அதற்கு எதற்குக் காவல் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒருவர் வீட்டு ஒலிபெருக்கி ஒன்று போதும், ஆயிரம் வீட்டு அமைதியைக் கெடுக்க. அதனால் உள்ளே என்ன செய்கிறாய் என்பதை அவரவருக்கு விட்டுவிட்டு, வெளியே என்ன கேட்கிறது என்பதை மட்டும் ஊர் எடுத்துக்கொள்கிறது. கட்டுப்பாடு இல்லாத இடத்தில் இந்த அளவு அமைதி கிடைக்கும் என்று நான் நம்பவில்லை.

விமான நிலையம் உண்மையாகவே மூடப்படுகிறதா?

ஆமாம். பாலியின் தலைநகர் தென்பசாருக்கு அருகே இருக்கும் ங்குரா ராய் பன்னாட்டு விமான நிலையம் ஆண்டுக்கு 2 கோடிக்கும் மேற்பட்ட பயணிகளைக் கையாள்வது. அதில் அந்த 24 மணி நேரமும் வழக்கமான விமானம் ஏறாது, இறங்காது. ஜாவாவிலிருந்து படகு வரும் கிலிமானுக் துறைமுகமும், பக்கத்து லொம்பொக் தீவுக்குப் போகும் பாடாங்பாய் துறைமுகமும் மூடப்படும். வானொலி, தொலைக்காட்சி ஒளிபரப்பும் தீவில் நிறுத்தப்படும். 2018 முதல் கைப்பேசி இணையத்தையும் துண்டிக்கிறார்கள். மருத்துவமனை போன்ற அவசியமான இடங்களுக்கு இணைப்பு இருக்கும்.

அன்றிரவு வானம் தெளிவாக இருந்தால் தலைக்கு மேல் நட்சத்திரங்கள் கொட்டிக் கிடக்கும். அமாவாசைக்கு மறுநாள், நிலவு இல்லை, தீவில் தெருவிளக்கும் இல்லை. இதற்காகவே காத்திருக்கும் வானியல் ஆர்வலர்கள் உண்டு.

திடீரென்று உடம்புக்கு முடியவில்லை என்றால்? பிரசவம் என்றால்?

மருத்துவமனைகள் இயங்கும், ஆம்புலன்ஸ் ஓடும். பெச்சாலாங்கிடம் சொன்னால் அவர்களே வழிவிட்டு உதவுவார்கள். இதில் யாரும் சட்டம் பேச மாட்டார்கள்.

பாலியில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்களே, அவர்களுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். பாலி மக்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இந்துக்கள். மற்றவர்களும் அன்று வெளியே வருவதில்லை, சத்தம் போடுவதில்லை. உள்ளே அவர்கள் வழக்கப்படி இருக்கலாம்.

சிக்கல் வருவது நாட்கள் மோதும்போது. 2012இல் முஸ்லிம்கள் பள்ளிவாசலில் கூடித் தொழும் வெள்ளிக்கிழமையில் நியெப்பி வந்தது. 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் ரமலானின் முதல் தராவீஹ் தொழுகை இரவு நியெப்பியோடு சேர்ந்து வந்தது. இம்மாதிரி வேளைகளில் மதத் தலைவர்கள் முன்கூட்டியே உட்கார்ந்து பேசி அறிவிப்பு வெளியிடுவார்கள். ஒலிபெருக்கி வேண்டாம், வண்டி வேண்டாம், நடந்துபோகும் தூரத்தில் உள்ள பள்ளிவாசலிலோ வீட்டிலோ தொழலாம், இப்படி இருக்கும் அந்த ஏற்பாடு. உரசலே வராது என்று சொல்ல முடியாது, சில ஊர்களில் வந்திருக்கிறது. ஆனாலும் உட்கார்ந்து பேசும் பழக்கம் ஊன்றியிருக்கிறது.

வீட்டுக்குள் நாள் முழுக்க என்னதான் செய்வார்கள்?

பக்தி மிகுந்தவர்கள் விரதம், தியானம், ஜபம் என்று இருப்பார்கள். போன ஆண்டில் யாருக்கு என்ன செய்தோம், எங்கே தவறினோம் என்று நினைத்துப் பார்க்க வேண்டிய நாள் என்பதுதான் பெரியவர்கள் சொல்லித் தருவது.

ஆனால் எல்லா வீட்டிலும் முனிவர்களா இருக்கிறார்கள்? நன்றாகத் தூங்குவார்கள். பிள்ளைகள் முற்றத்தில் விளையாடும். பாலி வீடு என்பது மதிலுக்குள் பல கட்டடங்களும் குலதெய்வக் கோயிலும் சேர்ந்த வளாகம். அண்ணன் தம்பி குடும்பங்கள் ஒன்றாக இருக்கும். வழக்கமாக ஆளுக்கொரு நேரத்தில் வேலைக்கு ஓடும் குடும்பம் அன்று மட்டும் ஒரே திண்ணையில் மாட்டிக்கொள்ளும். வேறு வழியில்லாமல் பேசிக்கொள்வார்கள். மாலையில் இருட்ட ஆரம்பித்தால் படுக்கத்தான் வேண்டும். ஓட்டல் வேலையிலும் சுற்றுலா வேலையிலும் ஆண்டு முழுவதும் மற்றவர்களின் விடுமுறைக்காக உழைக்கும் தீவுக்கு இது ஒன்றுதான் உண்மையான விடுமுறை என்பது என் எண்ணம். பணிமுறையில் ஓட்டலில் தங்கிவிடும் ஊழியர்களுக்கு அதுவும் இல்லை.

சுற்றுலாப் பயணியாக அன்று அங்கே இருந்தால் என்ன நடக்கும்?

ஓட்டலை விட்டு வெளியே போக முடியாது, கடற்கரைக்கும் சேர்த்துத்தான். உள்ளே சாப்பாடு கிடைக்கும், நீச்சல் குளமும் திறந்திருக்கும். மாலையில் திரைச்சீலையை மூடி, விளக்கைக் குறைக்கச் சொல்வார்கள். சமையலறை இல்லாத சின்ன விடுதி என்றால் முந்தின நாள் மதியத்துக்குள் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும், ஏனென்றால் அவசரத்துக்கு ஓடிப்போய் வாங்கக் கடை இருக்காது. கையில் ரொக்கமும் இருக்கட்டும்.

முந்தின நாள் மாலையில் முக்கியச் சாலைகளை ஊர்வலத்துக்காக அடைத்துவிடுவார்கள். அதனால் விடுதிக்கு நேரத்தோடு போய்ச் சேருங்கள், அல்லது நடந்துபோய் ஓகோ ஓகோ பார்க்கக்கூடிய இடத்தில் தங்குங்கள். உபூத்தும் தென்பசாரும் அதற்கு நல்ல இடங்கள்.

'யாருக்குத் தெரியப்போகிறது' என்று வெளியே நழுவ வேண்டாம். நிச்சயம் தெரியும்.

மறுநாள்?

ஙெம்பாக் கெனி. மறுபடி நெருப்பு மூட்டும் நாள். உறவினர், அண்டை வீட்டார் என்று போய் ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்கள். முந்தின நாள் யோசித்ததை இன்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதுதான் கஷ்டமான பகுதி.

தென்பசாரின் செசெத்தானில் காஜா பாஞ்சாரில் அன்று ஓமெட் ஓமெடான். திருமணமாகாத இளைஞர்களும் பெண்களும் இரு அணியாக நின்று, அணிக்கு ஒருவராக முன்னே தள்ளப்பட்டு, கட்டி அணைத்துக்கொள்ள, சுற்றி நிற்பவர்கள் தண்ணீரை வாரி இறைப்பார்கள். வெளியூர்ப் பத்திரிகைகள் 'முத்தத் திருவிழா' என்று எழுதிப் பிரபலப்படுத்திவிட்டன; ஊர்க்காரர்கள் அதை இழுப்பு விளையாட்டு என்றே சொல்கிறார்கள். கெடோங்கானானில் சதுப்புநிலச் சேற்றைப் பூசிக்கொண்டு, பிறகு கடலில் கழுவும் வழக்கம் உண்டு.

பாலியில் இது ஒன்றுதான் அமைதி நாளா?

ஊர் அளவில் வேறு நியெப்பிகளும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது நூசா பெனிடா தீவின் கடல் நியெப்பி. நான்காம் மாதப் பௌர்ணமியை ஒட்டி ஒருநாள் கடலுக்கு ஓய்வு. மீன்பிடி இல்லை, படகு இல்லை, கடற்பாசி அறுவடை இல்லை.

இந்தோனேசியாவில் இருக்கும் தமிழர்கள் நியெப்பி கடைப்பிடிக்கிறார்களா?

வட சுமத்ராவின் மேடான் நகரில் பல தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழ்கிறார்கள். மாரியம்மன் கோயிலும் தைப்பூசமும் தீபாவளியும் அவர்கள் வழக்கம். விளக்கணைக்கும் நியெப்பி பாலி மரபைச் சேர்ந்தது. ஆனால் நாட்காட்டியில் அவர்களுக்கும் அன்று சிவப்பு எழுத்துதான். இந்தோனேசியாவில் இந்துக்களுக்கென்று இருக்கும் ஒரே தேசிய விடுமுறை நியெப்பி. தீபாவளிக்கு அங்கே நாடு தழுவிய விடுமுறை கிடையாது.

அடுத்த நியெப்பித் தேதியை எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தோனேசிய அரசு ஆண்டுதோறும் முன்கூட்டியே வெளியிடும் பொது விடுமுறைப் பட்டியலில் இருக்கும். நம் ஊர் உகாதித் தேதியை வைத்துக் கணக்குப் போட்டு டிக்கெட் எடுக்காதீர்கள். 2024இல் அப்படிப் போட்டிருந்தால் கிட்டத்தட்ட ஒரு மாதம் பிசகியிருக்கும். நியெப்பியன்று காலை வந்து இறங்கும் விமானத்தை எந்த நிறுவனமும் விற்காது, ஆனால் முந்தின நாள் நள்ளிரவை ஒட்டி இறங்கும் விமானங்களை விற்பார்கள். அதில் ஏறினால், தாமதமாகி காலை 6 மணியைத் தாண்டும் அபாயம் உங்கள் தலையில். ஒருநாள் முன்னதாகவே போய்விடுவது நல்லது, ஓகோ ஓகோ ஊர்வலத்தையும் பார்த்த மாதிரி ஆச்சு.